பிக்ரிவாலா வருவதற்கு முன்

கொல்கத்தாவில் வீட்டுப் பரணில் ஃபிளாப்பிப் பெட்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தாருக்கு,



நவராத்திரி நெருங்கினால் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ வட்டாரத்து வீடுகளில் பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்கும். வெளியே பாராவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஸ்டூல் மேல் ஒருவர் ஏறி நின்று, கீழே கை நீட்டுபவரிடம் "செட்டியார் பொம்மை, பத்திரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால், ஓடாத டேபிள் ஃபேனுக்கும் பழைய பாடப் புத்தகக் கட்டுக்கும் நடுவே, மூடி மங்கிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். பூட்டு உண்டு, சாவி இருக்காது. நெம்பித் திறந்தால் கறுப்புச் சதுரங்கள் வரிசையாக நிற்கும். மேலே ஒட்டிய சீட்டுகளில் பால்பாயிண்ட் பேனா எழுத்து: டேவ், பிரின்ஸ், டிஜ்ஜர், அப்பா ஆபீஸ், தொடாதே.

அந்தப் பெட்டிக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பண்டிகைச் சுத்தத்தில் பழைய செய்தித்தாள், காலி பாட்டில்களோடு சேர்த்து, தெருவில் கூவிக்கொண்டு வரும் பிக்ரிவாலாவிடம் போகும். எடைக்கு எடை. ஃபிளாப்பிக்கு எடையும் கிடையாது. அவர் அதைச் சும்மாதான் வாங்கிக்கொள்வார்.

இந்த வருஷம் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லத்தான் இந்த மடல்.

"டேவ், பிரின்ஸ், டிஜ்ஜர் மாதிரி அந்தக் காலத்து டாஸ் கேம்களை இப்போது எதில் ஓட்டுவது?" என்பதுதான் பெட்டியைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி. அதற்குப் பதில் சுலபம். இன்று எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம். பேத்தி கையில் இருக்கும் கைப்பேசி போதும். அந்த கேம்களைக் காப்பாற்றும் வேலையை உலகம் ஏற்கெனவே செய்துவிட்டது. 2015 ஜனவரியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் ஏறத்தாழ 2,400 டாஸ் விளையாட்டுகளை, உலாவியிலேயே ஓடும்படி, திறந்து வைத்தது. 2019 இல் இன்னும் 2,500 சேர்த்தார்கள். 2008 இல் தொடங்கிய ஜிஓஜி என்ற கடை, பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓடும் வகையில் கட்டி, நியாயமான விலைக்கு விற்கிறது. டேவ் மட்டும் வேண்டுமானால் பரணில் ஏறவே வேண்டாம்.

ஆனால் உங்கள் பெட்டியில் இருப்பது வெறும் டேவ் அல்ல. உங்கள் வீட்டு டேவ். அதிக மதிப்பெண் பட்டியலில் மாமாவின் பெயர் மூன்றெழுத்தில் இருக்கும். பிரின்ஸை பாதியில் விட்ட இடம் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். எண்ணைத் தட்டினால் கேம் திறக்கும்படி அப்பா எழுதிய பேட்ச் ஃபைல் ஒன்று இருக்கலாம். அது காட்டும் கேம் பட்டியலின் தலையில் நட்சத்திரக் குறிகளால் கட்டம் போட்டு உங்கள் பெயரையும் அவர் எழுதியிருக்கலாம். எந்த இணைய நூலகத்திலும் அது இல்லை. உலகத்தில் ஒரே பிரதி, அதுவும் காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கும் பிரதி.

முதலில் ஓட்டும் கதையை முடித்துவிடலாம். பழைய கோப்பை இன்றைய விண்டோஸ் லேப்டாப்பில் அப்படியே தட்டினால், இது உங்கள் கணினியில் ஓடாது என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு செய்தி வரும். லேப்டாப்புக்கு வலு போதாததால் அல்ல. 386 சில்லின் காலத்தில், பழைய 8086 நிரல்களை ஓட்டுவதற்கென்றே இன்டெல் தனியாக ஒரு வழி வைத்திருந்தது. 64 பிட் முறையில் சில்லு இயங்கும்போது அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் 64 பிட் விண்டோஸில் டாஸுக்கான திண்ணையே கிடையாது. கைப்பேசி நிலைமை இன்னும் ஒரு படி தள்ளி: அதில் இருப்பது ஆர்ம் வகைச் சில்லு, இன்டெல் பேசும் மொழியே அதற்குத் தெரியாது.

இங்கேதான் டாஸ்பாக்ஸ் வருகிறது. பீட்டர் வீன்ஸ்ட்ரா, ஷூர்ட் வான் டெர் பெர்க் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் ஆரம்பித்து 2002 இல் வெளிவிட்ட இலவச மென்பொருள். கொலுப்படிக்குக் கீழே குழந்தைகள் பார்க் கட்டுவார்களே, கண்ணாடித் துண்டு குளமாகி, கேழ்வரகு முளை வயலாகி, ஒரு ஊரே எழும்புமே, அதுபோல டாஸ்பாக்ஸ் உங்கள் கணினிக்குள் ஒரு முழுப் பழைய கணினியைக் கட்டுகிறது. சில்லு, நினைவகம், திரை அட்டை, ஒலி அட்டை, ஸ்பீக்கரின் கீச்சுக் குரல் எல்லாம் உண்டு. கேமுக்கு வித்தியாசம் தெரியாது; தான் 1991 இல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும். வழிமுறையும் பழைய வாசனையோடுதான் இருக்கிறது. கேமை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, அதுதான் சி டிரைவ் என்று மவுண்ட் கட்டளையால் சொல்லி, கேமின் பெயரை அடித்து என்டர் தட்ட வேண்டும். ஃபோல்டரைத் தனியாக வைப்பது முக்கியம். உள்ளே ஓடும் நிரல் மவுண்ட் செய்த இடத்தில் எழுதவும் அழிக்கவும் முடியும். மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் அதனிடம் நீட்டக் கூடாது.

ஓடியதும் பெரும்பாலும் அடுத்த புகார் வேகம் பற்றியதாக இருக்கும். பழைய பெட்டிக் கணினிகளின் முகப்பில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்தது நினைவிருக்கிறதா? அழுத்தினால் வேகம் கூடும் என்று எல்லோரும் நம்பினோம். உண்மையில் அது வேகத்தைக் குறைப்பதற்காக இருந்த பொத்தான். முதல் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் வேகத்தையே கடிகாரமாக வைத்து எழுதிய விளையாட்டுகள் வேகமான கணினியில் தலைதெறிக்க ஓடின. 1990 இல் வந்த விங் கமாண்டர் இதற்குப் பேர்போனது. நல்ல கணினியில் போட்டால் எதிரி விண்கலம் கண்ணில் படுவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். டாஸ்பாக்ஸில் இந்த வேகத்தைச் 'சைக்கிள்' என்ற எண்ணால் அளக்கிறார்கள். முதல் பிசியின் வேகம் வேண்டுமானால் முந்நூறைச் சுற்றி வைக்கலாம், 286 காலத்து கேமுக்கு மூவாயிரம் வரை, டூம் போன்ற 486 காலத்து கேமுக்கு இருபதாயிரத்துக்கு மேல். கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். கறிக்கு உப்பு போடுவது மாதிரி, சுவை பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டியது.

ஒரு சின்ன வேடிக்கை. டர்போ பாஸ்கலில் எழுதிய சில நிரல்கள் ஓடத் தொடங்கிய கணமே 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லிச் சாகும். தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளக்க அந்த நிரல் ஒரு வெற்றுச் சுழற்சி ஓட்டிப் பார்க்கும். 1990களின் கடைசியில் வந்த சில்லுகள் எதிர்பாராத வேகத்தில் சுற்றியதால் கிடைத்த எண் வகுத்தலில் அடங்காமல் போனது. 200 என்பது அந்தப் பிழைக்கு பாஸ்கல் கொடுத்திருந்த எண்தான். ஆனால் 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சில்லுகளில்தான் அது தலைகாட்டத் தொடங்கியது என்பது தற்செயல். கல்லூரி நாட்களில் பாஸ்கலில் ஏதாவது எழுதி ஃபிளாப்பியில் வைத்திருப்பவர்கள் இந்தச் செய்தியைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். சைக்கிளைக் குறைத்தால் உயிர் பெறும்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் பிசி ஸ்பீக்கர்தான், அந்த ஒற்றைக் கீச்சுதான் பிரின்ஸின் வாளும் டேவின் துப்பாக்கியும். வசதிப்பட்டவர்கள் சிங்கப்பூரிலிருந்து வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை போட்டிருந்தார்கள். அதை உண்டாக்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989 இல் அதை வெளியிட்டது. செட்டப் கேட்டால் 220, 7, 1 என்று சொல்ல வேண்டும். இந்த மூன்று எண்களை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஐம்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். டாஸ்பாக்ஸும் அதே மூன்றை மாற்றாமல் வைத்திருக்கிறது.

இப்போது கைக்கருவி. பிள்ளைகள் வாங்கி வைத்திருக்கும் சின்னக் கேம் கருவிகள் பலவற்றில், ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் மாதிரியானவற்றில், திரை 3.5 அங்குலம், 640க்கு 480 புள்ளிகள். நீங்கள் பெட்டியிலிருந்து எடுக்கும் ஃபிளாப்பியும் 3.5 அங்குலம். எண் ஒன்றுதான், ஆனால் திரைக்கு அது மூலைக்கு மூலை அளவு, ஃபிளாப்பிக்கு அகலம். கருவிக்குள் இருக்கும் விரல்நகம் அளவு 64 ஜிபி மெமரி கார்டில் அப்படிப்பட்ட ஃபிளாப்பிகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் அடங்கும். அகலத் திரைக் கைப்பேசியைவிட இந்தக் கருவி டாஸுக்குப் பொருத்தம். டாஸ் கேம்கள் பல 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை, ஆனால் பழைய மானிட்டரின் நாலுக்கு மூன்று திரையில் நீட்டிக் காட்டப்பட்டவை. நீட்டாமல் அப்படியே காட்டினால் வட்டம் சப்பையாகும், இளவரசன் குள்ளமாவான். அதனால் அமைப்பில் 'ஆஸ்பெக்ட்' என்று இருப்பதை இயக்கிவிட வேண்டும்.

கருவியில் இல்லாதது விசைப்பலகை. கையடக்கக் கருவிகளில் டாஸ் கேம் ஓட்டுவதில் உண்மையான தலைவலி அதுதான். பிரின்ஸுக்கு அம்புக்குறிகளும் ஷிஃப்டும் போதும். டேவுக்குச் சுட கன்ட்ரோல், ஜெட்பேக்குக்கு ஆல்ட். இதுவரை சரி. விமான கேம் ஒன்றைத் திறந்தால் இருபது விசை கேட்கும். பெயரைத் தட்டச்சு செய் என்று நிற்கும். ஆம் இல்லை கேட்டு ஒய்யோ என்னோ எதிர்பார்க்கும். பெர்ன்ஹார்ட் ஷெல்லிங் எழுதிய டாஸ்பாக்ஸ் பியூர் இதைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. ரெட்ரோஆர்ச் என்ற செயலிக்குள் அது ஓடும். கேமை ஜிப் கோப்பாகவே கொடுக்கலாம், பிரிக்கக்கூட வேண்டாம். பல கேம்களுக்கு எந்தப் பொத்தானுக்கு எந்த விசை என்று அதற்கே தெரியும். தெரியாவிட்டால் திரையில் ஒரு விசைப்பலகையை எழுப்பிக்கொள்ளலாம். உங்கள் மூல ஜிப்பை அது தொடுவதில்லை, மாற்றங்களைத் தனியாக எழுதி வைக்கிறது. ஒரே பிரதி வைத்திருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை. விலை குறைந்த கருவிகளின் சில்லு டூமை டாஸ்பாக்ஸில் இழுத்துச் செல்லத் திணறும். அதற்கும் வழி இருக்கிறது. டூமின் மூல நிரலை அதை எழுதியவர்களே 1997 டிசம்பரில் வெளியிட்டுவிட்டார்கள், அதனால் அது டாஸின் துணையின்றி நேராகவே எதிலும் ஓடும். பிரின்ஸையும் ஒருவர் டாஸ் பதிப்பிலிருந்து பிரித்துப் படித்து மறுபடி எழுதி, எஸ்டிஎல்பாப் என்ற பெயரில் இலவசமாக விட்டிருக்கிறார். டிஜ்ஜருக்கு 1998 இலேயே ஆண்ட்ரூ ஜென்னர் அந்த வேலையைச் செய்தார்.

ஐஃபோன்காரர்கள் நீண்ட நாள் ஏங்கினார்கள். ஐடாஸ் என்ற செயலியை ஆப்பிள் கடையில் சேர்ப்பதும் தூக்குவதுமாகப் பல வருஷம் ஓடியது. 2024 ஏப்ரலில் பழைய கேம் கருவிகளைப் போலி செய்யும் செயலிகளுக்கு ஆப்பிள் கதவைத் திறந்தபோதும், பிசி என்பது கேம் கருவி ஆகாது என்று ஐடாஸை முதலில் வெளியே நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

காளிகாட் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் சாந்தினி சௌக். பிரின்ஸுக்கு இளவரசியை மீட்கக் கொடுத்திருப்பது 60 நிமிஷம். அந்தப் பயணத்தில் முதல் இரண்டு நிலையாவது கடக்கலாம், மீதியை அப்படியே உறையவைத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கலாம். 1990 இல் லோட் ஷெடிங் வந்தால் இளவரசனும் அதோடு போய்விடுவான். யுபிஎஸ் வைத்திருந்த வீட்டில் மட்டும் அவன் இன்னும் பத்து நிமிஷம் உயிரோடிருந்தான்.

ஏன் சாந்தினி சௌக்? ஃபிளாப்பியைப் படிக்கக் கருவி தேடி நீங்கள் போக வேண்டிய இடம் அதுதான். கணினி விஷயத்தில் இந்த நகரம் விசித்திரமானது. இந்தியாவின் முதல் கணினியாக ஹெச்இசி-2எம் 1955-56 இல் பாராநகரில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குத்தான் வந்தது. அதே நகரத்தில், அடுத்த பத்தாண்டுகளில், எல்.ஐ.சி. கணினி கொண்டுவர முயன்றபோது ஊழியர்கள் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தை இரவும் பகலும் காவல் காத்து அதை உள்ளே விடாமல் தடுத்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை இன்று யாரும் கேலி செய்ய முடியாது. அலுவலக வாசலில் கணினிக்குத் தடை இருந்தாலும் பின்வாசல் எப்போதும் திறந்தே இருந்தது. கிதிர்பூர் ஃபேன்ஸி மார்க்கெட்டில் கப்பல் வழி வந்த சாமான்களும், சாந்தினியில் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக் கட்டிய கணினிகளும் நம் வீடுகளுக்கு வந்தன. கேம்களும் அந்த வழியாகத்தான் வந்தன, ஒரு ஃபிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்கு.

கேம்களோடு வைரஸும் வந்தது. 1990 இல் இந்தியாவில் பரவிய ஜோஷி வைரஸ் ஒவ்வொரு ஜனவரி 5 அன்றும் கணினியை நிறுத்தி, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து தட்டச்சு செய்தால்தான் விடுவேன் என்று அடம் பிடிக்கும். உங்கள் பெட்டியிலும் அவர் குடியிருக்கலாம். டாஸ்பாக்ஸின் தனி ஃபோல்டருக்குள் அவரால் பெரிய தொந்தரவு இல்லை. வாழ்த்திவிட்டு வேலையைப் பாருங்கள்.

இனி ஃபிளாப்பி. இந்த மடலின் காரியமே இதுதான், அதனால் சற்று நிதானமாக.

கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் செருப்பே பூஞ்சை பிடிக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபிளாப்பியின் காந்தத் தகட்டிலும் அது படரும். டிரைவுக்குள் செருகுவதற்கு முன், 3.5 அங்குல ஃபிளாப்பியின் உலோக மூடியை ஒதுக்கி, பின்புறம் நடுவில் இருக்கும் வட்டத்தை விரலால் சுற்றிக்கொண்டே, வெளிச்சத்தில் தகட்டைப் பாருங்கள். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் செருகாதீர்கள். பூஞ்சை, படிக்கும் தலையில் ஒட்டி, அந்த ஃபிளாப்பியைக் கீறுவதோடு அடுத்துப் போடுவதையும் கெடுக்கும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்வது, பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

சுத்தமாக இருந்தால், எழுத்துத் தடையைப் போடுங்கள். 3.5 அங்குலத்தில் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத் துளை திறந்திருக்க வேண்டும். வளையும் பெரிய 5.25 அங்குலத்தில் நேர்மாறு. ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். பிறகு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கியோ இரவல் பெற்றோ இணையுங்கள். 1.44 எம்பி ஃபிளாப்பிகளை அது படிக்கும். கோப்புகளை ஒவ்வொன்றாக இழுக்காமல் முழு ஃபிளாப்பியையும் ஒரே படிமக் கோப்பாக எடுப்பது நல்லது. சரியாக எடுத்தால் 14,74,560 பைட் இருக்கும்; அழித்த கோப்புகளின் மிச்சமும் அதில் வந்துவிடும். பாதியில் தடுமாறினால் திரும்பத் திரும்ப முயலும் மென்பொருள்கள் உண்டு. வேறொரு டிரைவில் போட்டால் சில சமயம் அதே ஃபிளாப்பி சொன்ன பேச்சுக் கேட்கும். விண்டோஸ் 'இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத் தப்பித் தவறியும் ஆம் சொல்லாதீர்கள். எத்தனையோ வீட்டு நினைவு அந்த ஒரு என்டரில் போயிருக்கிறது.

5.25 அங்குலத்துக்கு யுஎஸ்பி டிரைவ் என்று ஒன்று கடையில் கிடையாது. பழைய டிரைவ்தான் வேண்டும். 34 பின் பட்டைக் கம்பி உள்ள பழைய டிரைவைக் கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை வழியாக இன்றைய கணினியோடு இணைக்கலாம். கேர் ஃபிரேசர் வடிவமைத்தது. தகட்டில் காந்தம் எப்படிப் புரள்கிறதோ அதை அப்படியே பதிவு செய்துகொள்ளும், புரிந்துகொள்வதைப் பிறகு வைத்துக்கொள்ளும். சாந்தினியில் பழைய பாகம் விற்கும் கடைகளில் "தாதா, பாஞ்ச் பாய்ன்ட் டூ ஃபைவ் ஆச்சே?" என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். விடாமல் அடுத்த கடையிலும் கேளுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால், அமெரிக்காவில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை எழுதிய ஜோர்டன் மெக்னர், 1980களில் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம் பிடித்து, அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இளவரசனின் அசைவுகளை வரைந்தார். கேமுக்கு இசை அமைத்தவர் அவருடைய அப்பா. 1989 இல் ஆப்பிள் II கணினிக்கு வெளிவந்தது. அடுத்த ஆண்டு நம் டாஸுக்கு. அதன் மூல நிரல் எங்கே என்று மெக்னருக்கே தெரியாமல் பல வருஷம் போனது. 2012 இல் வீட்டு அலமாரியின் பின்புறம் ஒரு பெட்டியைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பியவர் அதே அப்பாதான். ஜேசன் ஸ்காட், டோனி டியாஸ் என்ற இரண்டு பழைய கணினிப் பித்தர்கள் வந்து உட்கார்ந்து ஃபிளாப்பிகளைப் படித்தெடுத்தார்கள். 23 வருஷத் தூசிக்குப் பிறகும் படிக்க முடிந்தது. மூல நிரல் அந்த ஏப்ரலிலேயே பொதுவெளிக்கு வந்தது. அந்த வீட்டில் அதைப் பெட்டியோடு தூக்கிப் போட யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நம் பெட்டிகளில் இன்னொன்றும் இருக்கலாம். தமிழ். 1984 இல் கனடாவில் சீனிவாசன் எழுதிய ஆதமி, 1985 இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு என்று டாஸ் காலத்திலேயே தமிழில் தட்டச்சு செய்ய வழி பிறந்துவிட்டது. சங்கத்து ஆண்டுவிழா அழைப்பிதழ், ஊருக்கு எழுதிய கடிதம், கல்யாணப் பத்திரிகை நகல் என்று எதையாவது யாராவது அதில் அடித்து வைத்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒன்று. சென்னையில் 1999 இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டில்தான் பொதுக் குறியீடும் விசைப்பலகையும் பேசி முடிவு செய்தார்கள். யூனிகோடு அதற்கும் பிறகு வேரூன்றியது. ஆகவே பழைய தமிழ்க் கோப்பை இன்றைய வேர்டில் திறந்தால் குப்பையாகத் தெரியும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அதே ஃபிளாப்பியில் அந்தத் தட்டச்சு மென்பொருளும் இருந்தால் அதை டாஸ்பாக்ஸில் ஓட்டிப் பாருங்கள். கோப்பு எழுதப்பட்ட நாளில் தெரிந்தது போலவே கடிதம் திரையில் எழும் வாய்ப்பு உண்டு. கேம் ஓட்டக் கற்ற பிள்ளைக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் யாராவது கேட்பார்கள். முறைப்படி கையில் இருக்கும் மென்பொருளுக்கு, கெட்டுப்போனால் உதவ ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள 1957 ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதை ஊருக்கு விநியோகிக்க இடம் கொடுக்கவில்லை. நம் ஃபிளாப்பிகளில் பாதிக்கு மேல் 'முறைப்படி' வந்தவையா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம். பிரின்ஸில் முதல் நிலை முடிந்ததும் வரும் மருந்துக் குப்பி அறை நினைவிருக்கும். கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லின் முதல் எழுத்துள்ள குப்பியைக் குடி என்று கேம் சொல்லும். இங்கே எத்தனை பேரிடம் கையேடு இருந்தது? குடித்துச் செத்து, குடித்துச் செத்துத்தான் இரண்டாம் நிலைக்குப் போனோம். டூமின் முதல் பாகம், உல்ஃபன்ஸ்டைனின் முதல் பாகம் போன்ற ஷேர்வேர்களில் இந்தத் தயக்கமே வேண்டாம். நகலெடுத்துக் கொடுங்கள் என்று சொல்லித்தான் விட்டார்கள். மாமாவின் மதிப்பெண்ணுக்கும் அப்பாவின் பேட்ச் ஃபைலுக்கும் உரிமையாளர் நீங்களே.

இந்த நகரத்தில் இதை மதிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கொல்கத்தா சமூக அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த சௌவிக் முகர்ஜி இந்தியத் துணைக்கண்டத்து வீடியோ கேம்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதி 2022 இல் வெளியிட்டார். இங்கே நடுத்தர வீடுகளில் எந்த கேம், யார் கையால், எந்த வருஷம் வந்தது என்பது இப்போது ஆராய்ச்சிக்குரிய விஷயம். அதற்குச் சான்று எதுவும் அச்சில் கிடைக்காது. இருப்பது உங்கள் பெட்டியின் சீட்டுகளும், ஒவ்வொரு கோப்பின் மேலும் பதிந்திருக்கும் நாளும் நேரமும்தான்.

ஆகவே நேரடியான ஒரு வேண்டுகோள். நவராத்திரியில் சுண்டலுக்கு வீடு வீடாகப் போகிறோம். இந்த வருஷம் ஏதாவது ஒரு சனிக்கிழமை, சங்கத்துக் கூடத்திலோ, இடம் உள்ள ஒரு வீட்டு ஹாலிலோ, இரண்டு யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவும் ஒரு லேப்டாப்பும் வைத்து மேசை போடுங்கள். பெரியவர்கள் பெட்டியோடு வரட்டும், பிள்ளைகள் படித்தெடுக்கட்டும். ஒரு ஃபிளாப்பிக்கு இரண்டு மூன்று நிமிஷம். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் இரண்டு ஃபிளாப்பி ஆகிவிடும். படிமத்துக்குச் சீட்டில் உள்ள பெயரையே வையுங்கள், சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து யாருடையது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படித்தெடுத்ததை அந்தந்த வீட்டாரிடமே கொடுத்துவிடுங்கள், 'தொடாதே' என்று எழுதியிருப்பதை மட்டும் எழுதியவரிடம் கேட்டுவிட்டுத் திறவுங்கள்.

அன்றைக்கு 5.25 அங்குல ஃபிளாப்பியோடு யாராவது வருவார்கள், நிச்சயம் வருவார்கள். அதனால் பந்தல் கூட்டம் ஆரம்பித்துச் சாந்தினிப் பக்கம் போகவே முடியாமல் போவதற்குள், அந்த டிரைவைத் தேடி ஒருவர் போய்வந்தால் நல்லது. பழைய 1.2 எம்பி டிரைவ் கிடைத்தால் அதிலேயே 360 கேபி ஃபிளாப்பியும் படித்துவிடலாம். பட்டைக் கம்பியையும் மறக்காமல் சேர்த்துக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். டிரைவ் கிடைக்கும் கடையில் கம்பி கிடைக்காது.